புகார் எழுதிய பையன் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவான்? நாங்குநேரி: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் அன்று இரவு ஒரு வீட்டுக்குள் சில பையன்கள் அரிவாளோடு நுழைந்தார்கள். வெட்டுப்பட்டவன் பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவன். அண்ணனைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வந்தவர்களில் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் உண்டு. அத்தனை பேரும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். சம்பவத்தைத் தொடர்ந்து உறவினர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தே போனார்.

ஊர் அறிந்த செய்திதான். இந்த நிகழ்வை நான் திரும்ப எடுப்பதற்குக் காரணம், அந்த இரவுக்கு முந்தைய பகல்.

பையன் படித்தது பக்கத்து ஊரான வள்ளியூரில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் சிலர் அவனைக் கடைக்கு ஓடச் சொல்வதும், பணம் கேட்பதும், சாதியைச் சொல்லி ஏசுவதுமாக இருந்திருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். அவனும் அம்மாவும் போய் நடந்ததைச் சொன்னார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தான். அந்த இரவில்தான் வெட்டு.

இதில் பள்ளி எங்கே தவறியது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டால் பதில் சொல்வது கடினம். வராத பிள்ளையைக் கவனித்தார்கள். காரணம் கேட்டார்கள். தாயை உட்காரவைத்துப் பேசினார்கள். வாய்மொழியோடு விடாமல் எழுத்தில் வாங்கினார்கள். துன்புறுத்தல் தடுப்புக்கென்று உலகில் உள்ள எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதல் நான்கு படிகள் இவைதான். பல பள்ளிகளில் இந்த நான்கே நடப்பதில்லை. இங்கே நடந்தது. நடந்தும் அவன் வெட்டுப்பட்டான்.

"எழுதிக் குடு"

முப்பது வருஷம் உதவி பெறும் பள்ளி ஒன்றில் வணிகவியல் நடத்தியவன் நான். இப்போது ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற பெயரில் உட்காருகிறேன். "எழுதிக் குடு" என்ற சொல்லை நானே எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆசிரியருக்கு அது பாதுகாப்பு. நாளைக்கு யாராவது கேட்டால் தாளைக் காட்டலாம். பிள்ளைக்கு அப்படி இல்லை. அந்தத் தாளின் அடியில் அவன் பெயர் இருக்கிறது. காலை இன்டர்வெலில் எழுதிக் கொடுத்தால் மதியச் சோற்று வரிசையில் அது பேச்சாகிவிடும்.

அதற்கு அடுத்தபடி என்ன நடக்கும் என்பதும் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். சம்பந்தப்பட்ட பையன்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவோம். "நாளைக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிட்டு வா" என்போம். நல்ல நடவடிக்கைதான். ஆனால் அந்த வார்த்தை அன்று மாலையே அந்தப் பையன்களின் வீட்டுக்கும் தெருவுக்கும் போய்ச் சேர்கிறது. சாயங்காலம் நாலேகால் மணி அடிக்கிறது. மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு மறுபடியும் மணி. நடுவில் பதினேழு மணி நேரம். புகார் கொடுத்தவனும் கொடுக்கப்பட்டவனும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள், ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள், அடுத்தடுத்த தெருவில் இறங்குகிறார்கள். நான் பார்த்த சுற்றறிக்கைகளில் இந்தப் பதினேழு மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை.

சட்டத்துக்கு இந்த இடைவெளி தெரியாமல் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில், பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு தேவை என்று காவல்துறைக்குத் தோன்றினால் 24 மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது. ஆனால் இவையெல்லாம் விஷயம் காவல் நிலையம் போன பிறகு. தலைமையாசிரியர் மேஜையில் கிடக்கும் கோடு போட்ட தாளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. காவல் நிலையத்துக்குப் போகாமல் பள்ளிக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம் என்ற நல்லெண்ணத்தில் கொடுக்கப்படும் புகார்தான், பாதுகாப்பே இல்லாத புகார்.

பெயர் இல்லாத குற்றம்

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பிள்ளையைத் தொடர்ந்து துன்புறுத்துவதற்கு, ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்பதற்கு, நம்மிடம் சரியான சொல் இல்லை. இலங்கையில் பகிடிவதை என்கிறார்கள், மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் பகடிவதை என்று எழுதுகிறார்கள். நமக்கு? கேலி, கிண்டல், வம்பு, சீண்டல். எல்லாமே பாதி விளையாட்டுச் சொற்கள். 'ராகிங்' என்றால் கல்லூரி ஞாபகம் வரும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொலையை அடுத்து, 1997இல் ராகிங்குக்கெனத் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சட்டத்தின் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. சிபிஎஸ்இ 2015இல் தன் பள்ளிகளுக்குத் தனியாக வழிகாட்டுதல் அனுப்பி, தடுப்புக் குழு அமைக்கச் சொன்னது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் இன்றைக்கும் ஆசிரியர்கள் சொல்வது "ரெண்டு பேருக்குள்ள ஏதோ சண்டை சார்". ஒருவனை நாலு பேர் ஆறு மாதமாகக் கடைக்கு அனுப்பினால் அது எப்படி 'ரெண்டு பேருக்குள்ள சண்டை' ஆகும்? சண்டை என்று எழுதிவிட்டால் தீர்வு சமாதானம்தான். கை கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

சாதி கலந்த துன்புறுத்தலுக்கு இந்தச் 'சண்டை' என்ற சொல் இன்னும் வசதி. சாதி என்ற வார்த்தை கோப்பில் ஏறாமலே போய்விடும்.

2023இல் என்ன இருந்தது

கொள்கையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021இல் சென்னைப் பள்ளிகளில் பாலியல் தொல்லைப் புகார்கள் வெடித்த பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் சேர்ந்த மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு உத்தரவிட்டது. 14417, 1098 ஆகிய இரண்டு உதவி எண்கள் பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டன. 'மாணவர் மனசு' என்ற பெயரில் புகார்ப் பெட்டிகள் வந்தன. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டு, பெற்றோரே பெரும்பான்மையான குழுக்களாயின.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நான் போய்வரும் பள்ளி ஒன்றில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், தூணில் தொங்குகிறது. எதிரே சிசிடிவி கேமரா. பக்கத்தில் அலுவலக உதவியாளர் ஸ்டூல். இரண்டு பீரியடுக்கு நடுவே அந்தப் பக்கம் நடமாட்டம் ஓயாது. அதில் ஒரு தாளைப் போட வேண்டுமானால் ஒரு பிள்ளை ஐம்பது பேர் பார்க்கக் கையைத் தூக்க வேண்டும். திறந்து பார்த்தால் "கக்கூஸில் தண்ணீர் வரல", "பி.டி. பீரியட் வேணும்", இரண்டு மிட்டாய்க் காகிதம். கணக்கு சார் பற்றி ஒரு வசவு, அதை யார் எழுதியது என்று கையெழுத்தை வைத்தே ஸ்டாஃப் ரூமில் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. மாணவிகள் கழிப்பறைக்குப் போகும் வழியிலோ நூலக மூலையிலோ அந்தப் பெட்டி தொங்கியிருந்தால் வேறு தாள்கள் விழுந்திருக்கலாம். பெட்டியை எங்கே மாட்டுவது என்று யோசிக்க ஒரு ரூபாய் செலவில்லை.

கயிறு

நாங்குநேரி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 2018ஆம் ஆண்டு பேட்ச்சைச் சேர்ந்த பயிற்சி ஐஏஎஸ் அதிகாரிகள் சிலர், தமிழகப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதியைக் காட்டும் நிறங்களில் கையில் கயிறு கட்டி வருவதைப் பார்த்து அரசுக்கு எழுதினார்கள். அதை வைத்துப் பள்ளிக் கல்வி இயக்குநர் 2019 ஜூலை 31 தேதியிட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனக் கயிறுகளின் நிறங்கள் அதில் பட்டியலாக இருந்தன. விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பது, இடைவேளையில் கூடுவது, சாப்பிட உட்காருவது எல்லாம் இந்த நிறங்களின்படி நடப்பதாகச் சொல்லி, அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கச் சொன்னது. பாஜக தலைவர்களில் ஒருவரான எச். ராஜா எதிர்த்தார். கயிறு மத நம்பிக்கை என்றார். அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன், சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமல் போனது, பழைய நிலையே தொடரும் என்றார். ஆக, ஆகஸ்ட் பாதிக்குள் விஷயம் முடிந்தது.

2022 ஏப்ரலில் அதே திருநெல்வேலி மாவட்டத்தில், அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில், கையில் கட்டிய கயிறு தொடர்பான தகராறில் பிளஸ் ஒன் மாணவர்கள் தாக்கி ஒரு பிளஸ் டூ மாணவன் உயிரிழந்தான். அடுத்த ஆண்டு நாங்குநேரி.

கயிற்றைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல். கயிற்றை அறுத்துவிட்டால் சாதி போய்விடும் என்று அதிகாரிகள் நம்புகிறார்கள், கயிற்றைத் தொட்டால் மதம் போய்விடும் என்று எதிர்ப்பவர்கள் பேசுகிறார்கள். வகுப்பறையில் நின்றவனுக்குத் தெரியும், கயிறு ஒரு ரோல் கால். யார் யார் நம்ம ஆள் என்று எண்ணிக்கொள்ளும் கருவி. அதை அறுத்த மறுவாரம் சைக்கிள் ஹேண்டிலில் அதே நிறத்தில் டேப் சுற்றியிருக்கும், பனியன் நிறம் மாறியிருக்கும், செல்போனில் வால்பேப்பர் வந்திருக்கும். அறுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அறுப்பது முதல் நாள் வேலை.

சந்துரு குழு

சம்பவம் நடந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 12இல், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். குழு 2024 ஜூன் 18இல் அறிக்கை கொடுத்தது. வெளியே அதிகம் பேசப்பட்டவை இரண்டு: கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்ற அடையாளங்களைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் போன்ற சாதி அடைமொழிகளை நீக்கி எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவது. முதலாவதை பாஜக எதிர்த்தது. இரண்டாவதற்கு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது. தொலைக்காட்சி விவாதம் அதிலேயே நின்றுபோனது.

என்னை நிறுத்தியவை சின்னச் சின்னப் பரிந்துரைகள். வகுப்பில் அகரவரிசைப்படி இருக்கை. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது. உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் அறிவிக்காமல், பிள்ளையைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியில் சொன்னதன் கனம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. ஜூலை மாதம், மூன்றாவது பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். வகுப்பாசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுப் படிப்பார்: "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்திரிங்க. கம்யூனிட்டி சர்டிபிகேட் ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார். நாளைக்குள்ள வேணும். யார் யாரு குடுக்கல?" அறுபது பேர் வகுப்பில் பதினோரு பேர் எழுந்து நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு வரை இன்னார் இன்ன தெரு என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பகிர்ந்தவன்கூட அன்றைக்குத் தெரிந்துகொள்வான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாத ஆசிரியர், சலுகை கிடைக்க வேண்டும் என்ற அக்கறையோடு, இரண்டே நிமிடத்தில் செய்கிற வேலை இது. நான் செய்திருக்கிறேன். எழுந்து நின்றவர்களில் ஒரு பையன் எப்போதும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழுதாக நிமிராமல், பாதி எழுந்து பாதி உட்கார்ந்த மாதிரி நிற்பான். "ஒழுங்கா நில்லுலே" என்று அவனை அதட்டியிருக்கிறேன். அறிக்கையில் அந்த வரியை வாசித்தபோதுதான் அவன் ஏன் அப்படி நின்றான் என்று உறைத்தது.

ஆசிரியர் விஷயத்திலும் குழு கை வைத்தது. ஒரு சாதி பெரும்பான்மையாக இருக்கும் பகுதியில் அதே சாதியைச் சேர்ந்தவரைத் தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ போடக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றது. அரசுப் பள்ளிக்குப் பொருந்தும். ஆனால் நாங்குநேரிப் பையன் படித்தது உதவி பெறும் பள்ளி. சம்பளம் அரசு கொடுத்தாலும் நியமனம் நிர்வாகத்தின் கையில். ஒரே நிர்வாகம், ஒரே பள்ளி என்று இருக்கும் இடங்களில் ஆசிரியரை எங்கே மாற்றுவது? சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அதே ஊர், அதே தெருக்கள், அதே கல்யாணப் பந்தி. எந்தப் பள்ளி வகையில் இந்த விவகாரம் வெடித்ததோ அந்த வகைக்கே இந்த மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் கணிப்பு.

பள்ளி நல அலுவலர் என்ற பரிந்துரை, என்னைக் கேட்டால், அறிக்கையின் உயிர். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் இதற்கென்றே ஓர் அலுவலர்: ராகிங், போதை, பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு எல்லாவற்றையும் கவனிக்க ஒருவர். இன்றைக்கு ஒரு புகார் வந்தால் அதைக் கையாளுவது யார்? பாடம் முடிக்க வேண்டிய, எமிஸ் என்ற துறையின் இணையதளத்தில் வருகை ஏற்ற வேண்டிய, தேர்வுத் தாள் திருத்த வேண்டிய வகுப்பாசிரியர். அவர் அந்த ஊர்க்காரராகவும் இருப்பார். நாளைக்கு அவர் மகளும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். அவரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பதை விட, துணிச்சல் தேவைப்படாத ஓர் ஆளை நியமிப்பது மலிவு. 'மலிவு' என்ற சொல்லை நிதித்துறை ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கும் தெரியும்.

அறிக்கைக்குப் பின் சில அசைவுகள் உண்டு. அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை பெயர்களில் ஐந்து மாணவர் குழுக்கள் வந்தன. ஊர் தந்த நிறத்துக்குப் பதிலாகப் பள்ளி ஒரு திணையைத் தருகிறது. தமிழாசிரியர்களுக்கு ஒரே குஷி. 2025 ஜூனில் பள்ளிக் கல்வித் துறை, கயிறு, இருக்கை, உதவித்தொகை ரகசியம் போன்றவற்றைச் சேர்த்து வழிகாட்டுதல் அனுப்பியது. ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளெல்லாம் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாறின. நடுவே 2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வெழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் ஒன் தலித் மாணவன் வழியில் வெட்டப்பட்டான். கபடிப் போட்டியில் ஜெயித்தது காரணமாகச் சொல்லப்பட்டது. வெட்டு நடந்தது பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில். மறுபடியும் அந்த இடைவெளிதான்.

பின்லாந்தில் ஒரு வழக்கம்

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி குழுவினர் உருவாக்கிய 'கிவா' என்ற திட்டம் உண்டு. கல்வித் துறை மேடைகளில் அடிக்கடி பேர் அடிபடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்தான் துன்புறுத்துபவனுக்குத் தீனி, அவர்களை மாற்றினால் இவன் தானாக அடங்குவான் என்பது அதன் சாரம். எனக்குப் பிடித்தது அதில் ஒரு நடைமுறை: புகார் வந்ததும் பள்ளிக் குழு பாதிக்கப்பட்டவனிடமும் துன்புறுத்தியவர்களிடமும் பேசுவதோடு நிற்காது. வகுப்பில் மதிப்புள்ள, நல்ல குணமுள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, "இவனுக்கு நீங்கள் துணையாக இருக்க என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும். சில நாள் கழித்து மறுபடி எல்லோரையும் கூப்பிட்டு நிலைமை மாறியதா என்று சரிபார்க்கும். புகார் முடிந்துவிட்டது என்று பேனாவை மூடுவது அதற்குப் பிறகுதான்.

இதை அப்படியே தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவர முடியாது. அங்கே வேடிக்கை பார்க்கிறவன் வெறும் வகுப்புத் தோழன். இங்கே அவனுக்கு ஒரு தெரு இருக்கிறது, சித்தப்பா இருக்கிறார், கோவில் கொடையில் ஒரு வரி இருக்கிறது. "அவனுக்கு நீ துணையாப் போ" என்று ஒரு பையனிடம் சொல்வது அவனை அவன் வீட்டோடு மோதவிடுவதாகிவிடும். ஆனால் இரண்டாவது பாதி, சில நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பது, அதற்கு எந்தத் தெரு தடை?

சாதி ஒன்றே துன்புறுத்தலின் வாசல் என்று நான் சொல்லவில்லை. திக்கிப் பேசுகிற பிள்ளை, நடையில் நளினம் உள்ள பையன், ஒரு காலைச் சாய்த்து நடக்கும் பெண், வடக்கிலிருந்து வந்த கூலித் தொழிலாளியின் மகன் என்று பட்டியல் நீளும். அவர்கள் யாரும் எழுதிக்கூடக் கொடுப்பதில்லை.

டி.சி.

நாங்குநேரி மாணவன் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சையில் இருந்தான். பிறகு திருநெல்வேலிப் பக்கம் வேறு பள்ளிக்கு மாறி, 2024 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 எடுத்தான். முதல்வர் நேரில் அழைத்துப் பாராட்டினார். பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய மதிப்பெண்தான். ஆனால் ஊரை விட்டு, பள்ளியை விட்டுப் போனது வெட்டுப்பட்ட குடும்பம்.

இது பெரிய வழக்குகளில் மட்டும் நடப்பதில்லை. சில வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு தாய் வந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு. அவன் புத்தகப் பையைத் தினமும் யாரோ கிணற்றடியில் வீசுகிறார்கள். இரண்டு முறை விசாரித்தோம், இரண்டு முறை சமாதானம் செய்தோம். மூன்றாம் முறை அந்த அம்மா புகார் சொல்ல வரவில்லை.

"டி.சி. குடுத்துருங்க சார். எங்க அக்கா வீட்ல கொண்டு விட்டுருதேன். அங்கன படிச்சுக்கிடுவான்."

"ஏம்மா, நாங்க விசாரிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"நீங்க விசாரிக்கதுக்கு நான் குத்தம் சொல்லல சார். விசாரிச்ச அன்னைக்குத்தான் கூடக் கொஞ்சம் அடிக்காங்க."

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். டி.சி.யில் 'பள்ளியை விட்டு நீங்கும் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எழுத்தர் அதில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினார். மாவட்டத்துக்குப் போகும் எந்தக் கணக்கிலும் அந்தப் பையன் துன்புறுத்தலுக்கு உள்ளானவனாக இல்லை. எங்கள் பள்ளி அந்த வருஷம் புகாரே இல்லாத பள்ளி.

ஒரு பள்ளியில் துன்புறுத்தல் தடுப்பு எப்படி நடக்கிறது என்று ஆய்வு செய்ய யாராவது வந்தால், அவர்கள் புகார்ப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. மூன்று வருஷ டி.சி. கட்டை எடுத்து, 'பெற்றோர் விருப்பம்' என்று போனவர்களை வரிசைப்படுத்தி, நாலு பேர் வீட்டுக்குப் போய்க் கேட்டால் போதும்.

ஒரு பத்தி கூடுதலாக

நாங்குநேரிக்குப் பிறகு எங்கள் பள்ளியிலும் புகார் நோட்டு ஒன்று போட்டார்கள். நூறு பக்க லாங் சைஸ் நோட்டு, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது. தேதி, மாணவர் பெயர், புகார், எடுத்த நடவடிக்கை, கையொப்பம் என்று ஐந்து பத்தி. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் ஆறாவது பத்தி ஒன்று கேட்டேன்: 'அன்று மாலை யாருடன் வீட்டுக்குப் போனார்.'

தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. "சார், ஸ்கூல் முடிஞ்ச பெறகு நடக்கதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு முப்பத்தி நாலு ஆசிரியர் வேண்டிய இடத்தில் இருபத்தியாறு பேர், இரவுக் காவலர் கிடையாது. ஒரு பெற்றோர் உறுப்பினர், ஆட்டோ ஓட்டுபவர், "நான் கொண்டு விடுதேன் டீச்சர், சொல்லுங்க" என்றார். பத்தியைச் சேர்த்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று குழம்பி, கடைசியில் 'இதர பொருள்கள்' என்பதன் கீழ் எழுதினார்கள்.

போன வாரம் அந்த நோட்டைப் புரட்டினேன். முதல் வரியில் 'பி.டி. சார் பைக்கில்' என்று இருக்கிறது. இரண்டாவதில் 'ஆட்டோ, தாயிடம் ஒப்படைக்கப்பட்டது', நேரத்தோடு. மூன்றாவதில் 'வழக்கம்போல்'. அதற்குக் கீழே பக்கம் முடியும் வரை அந்தப் பத்தியில் ஒரே கையெழுத்து: மேற்படி, மேற்படி, மேற்படி.